12 சனல் மிக்ஸர், கணினியில் இரண்டே டிராக்: வீட்டு ஸ்டூடியோ கேள்வி – பதில்

கேள்வி: கோயில் பக்திப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்கிறோம். யூஎஸ்பி உள்ள 12 சனல் மிக்ஸர் வாங்கினோம். எட்டு மைக் செருகினாலும் கணினியில் இடது, வலது என்று இரண்டு டிராக்தான் வருகிறது. பிறகு மிருதங்கத்தை மட்டும் குறைக்க முடியவில்லை. செற்றிங் பிழையா, மிக்ஸர் பழுதா?
*– வாசகர், வெள்ளவத்தை*

செற்றிங்கிலும் பிழையில்லை, மிக்ஸரிலும் பழுதில்லை. விலை குறைந்த யூஎஸ்பி மிக்ஸர்களில் பெரும்பாலானவை எல்லாச் சனல்களையும் உள்ளேயே கலந்துவிட்டு, கடைசியில் கிடைக்கும் இடது–வலது இரண்டை மட்டும் கணினிக்கு அனுப்பும். அப்படிக் கலந்ததைப் பிறகு சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘12’ மிக்ஸருக்குள் எத்தனை ஒலி நுழையலாம் என்பதைச் சொல்கிறது. யூஎஸ்பி வழியாக எத்தனை வெளியே போகும் என்பது விவரப் பட்டியலின் அடியில் ‘2 இன், 2 அவுட்’ என்று சின்னதாக இருக்கும். கடையில் நின்று பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இருக்கிற மிக்ஸரை வைத்தே இன்றைக்கு ஒன்று செய்யலாம். பாடகரின் சனலை முழு இடதுக்கும் மிருதங்கத்தை முழு வலதுக்கும் பான் (இடது–வலது திருப்பும் குமிழ்) செய்து, மிக்ஸருக்குள் உள்ள ரிவேர்பை அணைத்துவிட்டுப் பதியுங்கள். இரண்டு தனி டிராக் கிடைக்கும். ரிவேர்பை அணைக்க மறந்தால் பாடகரின் எதிரொலி மிருதங்க டிராக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

எட்டையும் தனித்தனியாக எடுப்பதற்கு எட்டு மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ள இன்டர்ஃபேஸ், அதாவது மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெஹ்ரிங்கர் யூஎம்சி1820 இரண்டும் இந்த வகை. இங்கேயும் எண் ஏமாற்றும். பெயரில் உள்ள 18 உள்ளீடுகளில் மைக் செருகக்கூடியவை எட்டுத்தான். இன்னொரு எட்டு ஏடாட் என்ற ஒளிவழி உள்ளீடுகள், மிகுதி இரண்டு எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் உள்ளீடுகள். பின்னால் எட்டுப் போதாமல் போனால், பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு பிரீஆம்ப் பெட்டியை ஒற்றை ஒளிக்கேபிளால் அந்த ஏடாட் துளையில் இணைத்து 16 மைக் ஆக்கலாம். வாங்கும்போதே ஏடாட் உள்ளீடு உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏடாட் இணைக்கும்போது வழக்கமாக மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, கேபிள் முனையில் ஒளி புகும் இடத்தை மூடியிருக்கும் சிறு பிளாஸ்டிக் தொப்பி. நிறமில்லாததாக இருந்தால் கண்ணில் படாது, அதைக் கழற்றாமல் செருகினால் ஒலி வராது. இரண்டாவது, திசை. பெட்டியின் ‘அவுட்’ இன்டர்ஃபேஸின் ‘இன்’னுக்குப் போக வேண்டும். மூன்றாவதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது: கிளொக். இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால், சில செக்கனுக்கொரு தடவை ‘டிக்’ என்று வெட்டு விழும். மைக் பழுது, கேபிள் பழுது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒன்று மட்டுமே மாஸ்டராக இருக்க வேண்டும். ஏடிஏ8200இன் பின்புறச் சுவிட்சை ‘மாஸ்டர் 48’இல் வைத்து, இன்டர்ஃபேஸின் மென்பொருளில் கிளொக் மூலத்தை ‘ஏடாட்’ என்று மாற்றி, புரொஜெக்டையும் 48 கிலோஹேர்ட்ஸில் திறவுங்கள். ஏடாட் ஒரு கேபிளில் எட்டுச் சனல் கொண்டுபோவது 48 வரைதான். 96 கிலோஹேர்ட்ஸ் ஆக்கினால் அது நான்காகும். இந்த ஏடிஏ8200 பெட்டி 96இல் ஓடவே ஓடாது.

ஒத்திகையை மேடை போலவே நடத்திப் பதிபவர்களுக்கு, ஒவ்வொரு சனலையும் தனியாகப் பதியும் மிக்ஸர்களும் உண்டு. ஸூம் லைவ்ட்ராக் எல்-12, டாஸ்காம் மொடல் 12, 16 மைக் பிரீஆம்ப் கொண்ட பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 அப்படிப்பட்டவை. இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் நான்கை வாங்கி எட்டாக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். விண்டோஸில் ஏஸியோ (ஒலியைத் தாமதமின்றிக் கொண்டுபோகும் டிரைவர் முறை) வழியாக மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு டிரைவரைத்தான் பிடிக்கும். மேக்கில் கருவிகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்ட வழி இருக்கிறது, ஆனால் நான்கு தனிக் கடிகாரங்களை மென்பொருளால் இழுத்துக் கட்டும் வேலை அது.

எதை வாங்குமுன்னும் ஒரு கணக்குப் போடுங்கள். பாட்டில் மொத்தம் எத்தனை வாத்தியம் என்பதை விடுங்கள், ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கும்? ஒருவர் பின் ஒருவராகப் பாடி வாசிப்பவர்கள் 30 டிராக் பாட்டையும் இரண்டு உள்ளீட்டில் முடிக்கலாம்.

கேள்வி: கீபோர்டை இன்டர்ஃபேஸில் செருகினால் ‘ம்ம்’ என்று இரைகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
*– வாசகர், கொட்டாஞ்சேனை*

கூடவே கூடாது. கருவிக்குள் மின்கசிவு வந்தால் அது போக வேண்டிய வழி அந்த எர்த் பின்தான். அதை வெட்டினால், வாத்தியத்தைப் பிடித்தபடி மைக்கில் உதடு படப் பாடுபவரின் உடம்பு வழியாகப் போகும். வீட்டில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்பதும் எர்த்தை வெட்டக் காரணமாகாது.

சார்ஜரைக் கழற்ற இரைச்சல் நிற்பதிலிருந்தே காரணம் தெரிகிறது. கீபோர்டும் மடிக்கணினியும் இரண்டு வழியாக எர்த்துக்குப் போகின்றன. ஒலிக்கேபிளின் கவச வயர் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வளையத்தில் ஓடும் அந்த 50தான் அடங்கிய ‘ம்ம்’. ‘ஸ்ர்ர்’ என்று கரகரத்தால் அது 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். மின்விசிறியின் எலெக்ட்ரோனிக் ரெகுலேட்டர், டிம்மர் விளக்கு, மலிவான அடாப்டர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். விசிறியை முழு வேகத்தில் விட்டு, பிறகு அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மௌஸை அசைக்கும்போதெல்லாம் மாறுகிற மெல்லிய ‘கீ’ என்றால் அது கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக வருவது.

எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள். மடிக்கணினியைப் பற்றரியில் விட்டு, இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் மட்டும் வைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது இரைச்சல் வருகிறதோ அந்தக் கேபிளில்தான் வளையம் மூடுகிறது. இனி எல்லாக் கருவிகளையும் ஒரே 13 அம்பியர் சொக்கெட்டிலிருந்து ஒரே மல்ரிபிளக்கில் எடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபோர்மர் உள்ள பாசிவ் டிஐ பெட்டி (வாத்தியத்தை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி) இரண்டு (இடதுக்கொன்று, வலதுக்கொன்று) வைத்து ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டுங்கள். அது ஒலிக்கேபிளின் கவசத்தைத்தான் விடுவிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை. டிஐ ஒலியை ஏறத்தாழ 20 டெசிபெல் இறக்கி மைக் அளவுக்குக் கொண்டுவரும். ஆகவே அதை மைக் உள்ளீட்டில் செருகுங்கள், லைனில் செருகினால் ஒலி மெலிந்துபோகும்.

பழைய கொழும்பு வீடுகளில் சொக்கெட்டில் எர்த் துளை இருந்தும் பின்னால் வயர் இல்லாதது உண்டு. கருவியின் உலோக உடலைத் தொடும்போது கையில் ‘சுர்’ரென்றால் பதிவை நிறுத்திவிட்டு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கைபேசியிலிருந்து பின்னணி இசையை இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தால் நடுவில் இருக்கும் பாட்டுக்குரல் மறைந்து, பொள்ளலாகக் கேட்கிறது. ஏன்?
*– வாசகி, கிராண்ட்பாஸ்*

ஹெட்போன் துளையிலிருந்து இரு முனையும் ஸ்ரீரியோவான ஒற்றைக் கேபிளை எடுத்து ஒரே உள்ளீட்டில் செருகியிருப்பீர்கள். இன்டர்ஃபேஸின் உள்ளீடு பலன்ஸ்டு. ஜாக்கின் முனையில் (டிப்) வருவதிலிருந்து அதற்கு அடுத்த வளையத்தில் (ரிங்) வருவதைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் எடுக்கும். உங்கள் கேபிளில் முனை இடது, வளையம் வலது. இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிபட்டுப் போகிறது. ஒரு பக்கம் சின்ன ஸ்ரீரியோ, மறுபக்கம் இரண்டு மொனோ கால் அங்குல ஜாக் உள்ள ‘வை’ கேபிள் வாங்கி இரண்டு லைன் உள்ளீடுகளில் செருகுங்கள். புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கும். அதே ‘வை’ கேபிளைத் திருப்பி இரண்டு கருவிகளின் வெளியீட்டை ஒன்றாக்கப் பாவிக்க வேண்டாம். ஒன்றின் வெளியீடு மற்றதைச் சுமையாக இழுக்கும், ஒலி குறையும், சிதறும்.

கேள்வி: ஒரே அறையில் பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் சேர்ந்தே பதிகிறோம். தனித்தனியாகக் கேட்டால் நன்றாயிருக்கிறது. சேர்த்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகிறது.
*– வாசகர், பம்பலப்பிட்டி*

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். வலந்தலையில் தட்டும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, வலப்பக்க மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளிருக்கும் காற்று தொப்பியை வெளியே தள்ளுகிறது, அது இடப்பக்க மைக்கை நோக்கி வருகிறது. ஒரு மைக் இழுக்கும் கணத்தில் மற்றது தள்ளுகிறது. இரண்டையும் கூட்டினால் கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். தொப்பியில் ரவை பூசி வரவழைத்த அந்த முழக்கம் இப்படி வீணாவது கேட்கவே வருத்தமானது. இத்தனைக்கும் திருத்தம் ஒரு பொத்தான்தான். இரண்டு டிராக்கையும் மொனோவில் சேர்த்துக் கேட்டபடி, ஒன்றில் போலாரிட்டி பொத்தானை (வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி) அமுக்கி எடுத்துப் பாருங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு விளிம்பிலிருந்து 15 – 20 சென்ரிமீற்றர் தள்ளி, தொப்பிக்கு 10 – 15இல், காற்று நேரே அடிக்காதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள்.

அடுத்தது பாட்டு மைக்கில் கசியும் மிருதங்கம். நம் அறை வெப்பத்தில் ஒலி ஒரு மில்லி செக்கனில் சுமார் 35 சென்ரிமீற்றர் போகும். பாட்டு மைக்கும் மிருதங்க மைக்கும் அதே அடியை ஒரு மில்லி செக்கன் வித்தியாசத்தில் பிடித்தால், 500, 1500, 2500 ஹேர்ட்ஸில் குழி விழும். இதைக் குறைக்க ஒரு பழைய விதி இருக்கிறது: ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் என்றால், அடுத்த மைக் அந்த மைக்கிலிருந்து குறைந்தது 60 தள்ளி. சிறிய தொடர்மாடி அறையிலும் இது கைகூடும், மைக்கைக் கிட்டக் கொண்டுவந்தால் போதும். கார்டியோயிட் மைக்குக்குப் பின்னால் காது இல்லை. பாடகரின் மைக்கினது முதுகு மிருதங்கத்தைப் பார்க்கும்படி அமருங்கள். எட்டு வடிவ மைக் (முன்னும் பின்னும் மட்டும் கேட்பது) இருந்தால் அதன் இரு பக்கமும் செவிடு. அதன் முகம் வயலினையும், செவிடான பக்கம் மிருதங்கத்தையும் பார்க்கும்படி வைக்கலாம்.

சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்க விடவே வேண்டாம். அது எல்லா மைக்கிலும் ஏறி, பின்னால் எந்த டிராக்கையும் வெட்டி ஒட்ட முடியாமல் செய்துவிடும். லைன் அவுட்டிலிருந்து ஒரு சனலில் எடுத்து எல்லாருக்கும் ஹெட்போனில் கொடுங்கள்.

கேள்வி: பாடும்போது ஹெட்போனில் என் குரல் பிந்தி வருகிறது. நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் எப்படிக் கொடுப்பது?
*– வாசகி, தெஹிவளை*

மென்பொருளில் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் தொட்டி) 512 இருந்தால் 48 கிலோஹேர்ட்ஸில் அது மட்டுமே 10.7 மில்லி செக்கன். உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை என்று இரட்டிக்கும். பதியும்போது 128 ஆக்குங்கள் (2.7 மில்லி செக்கன்), மிக்ஸ் செய்யும்போது மறுபடி உயர்த்துங்கள். விண்டோஸில் கருவித் தயாரிப்பாளரின் சொந்த ஏஸியோ டிரைவரைப் போடுங்கள். இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மொனிட்டர்’ இருந்தால் அதை இயக்கி, மென்பொருளில் அந்த டிராக்கின் மொனிட்டரை அணையுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

நால்வருக்குப் பெஹ்ரிங்கர் எச்ஏ400 போன்ற நான்கு வழி ஹெட்போன் பெருக்கி போதும், ஆனால் நால்வரும் ஒரே கலவையைத்தான் கேட்பார்கள். தனித்தனிக் கலவை வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸின் மிகுதி வெளியீடுகளுக்கு ‘பிரீஃபேடர்’ சென்ட் (ஃபேடரை அசைத்தாலும் மாறாமல் ஒலியின் பிரதியை அனுப்பும் வழி) போடுங்கள். போஸ்ட்ஃபேடரில் விட்டால், நீங்கள் கேட்பதற்காக ஃபேடரை இறக்கும் நேரத்தில் பாடுபவரின் காதிலும் இறங்கும். காதை முழுதாக மூடும் ஹெட்போன்தான் வேண்டும். திறந்த வகையில் மெட்ரோனோம் ‘டிக்’ மைக்கில் பதிந்துவிடும்.

கேள்வி: 40 டிராக் ஆகிவிட்டது. கணினி திக்குகிறது, பாட்டு முழுக்கக் கலங்கலாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
*– வாசகர், மட்டக்குளி*

பிளகினை (மென்பொருளில் சேர்க்கும் ஒலி மாற்றும் கருவியை) திறக்காமல் தொடங்குங்கள். போட்டிருப்பதை எல்லாம் ‘பைபாஸ்’ செய்யுங்கள். ஒவ்வொரு டிராக்கின் அளவையும் மூலத்திலேயே சராசரி –18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சமான 0க்கு 18 டெசிபெல் கீழே) அளவுக்குக் கொண்டுவாருங்கள். 24 பிட்டில் பதிந்தால் சிவப்புக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை. உச்சம் –10 முதல் –6 வரை போதும். எல்லா டிராக்கும் சிவப்பின் விளிம்பில் நிற்கும்போது மாஸ்டர் நிரம்பி வழியும். பிறகு மாஸ்டர் ஃபேடரை இறக்கி ஒப்பேற்றுவார்கள். அதற்கு முன்னே உள்ள பிளகின்களில் சிதறியது அப்படியே இருக்கும்.

அடுத்து 40ஐ ஐந்தாக்குங்கள்: தாளம், தந்தி வாத்தியங்கள், கீபோர்ட், கோரஸ், தலைக்குரல். ஒவ்வொன்றும் ஒரு குரூப் பஸ், அதாவது பல டிராக்கை ஒன்றாகச் சேர்க்கும் வழி. மொனோவில், குறைந்த ஒலியில், ஃபேடரால் மட்டும் சமன் செய்யுங்கள். தலைக்குரலும் மிருதங்கமும் முதலில், மற்றவை அவற்றைச் சுற்றி. இந்தப் படியில் செலவழிக்கும் நேரம்தான் மிக்ஸின் பெரும்பகுதி. இதில் நிற்காத பாட்டைப் பிளகின் நிறுத்தாது.

கலங்கலின் இருப்பிடம் பெரும்பாலும் 200 – 400 ஹேர்ட்ஸ். கீபோர்ட் பேட் (பின்னணியில் நீளமாக இழையும் ஒலி), தொப்பி, ஆண்குரல் மூன்றும் அங்கே நெருக்கியடிக்கின்றன. பேடில் அந்த இடத்தை 3 டெசிபெல் வெட்டுங்கள், மற்ற இரண்டையும் விடுங்கள். அடிவெட்டு ஃபில்டரை ஆண்குரலுக்கு 80, பெண்குரலுக்கு 100 அளவில் போடுங்கள். வயலினுக்கு 200இல் வெட்டச் சொல்லும் வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். மேற்கத்திய வயலினின் அடித் தந்தி 196 ஹேர்ட்ஸ். நம்முடையது பாடகரின் சுருதிக்கு இறக்கிக் கட்டுவது, இன்னும் கீழே போகும். 100க்கு மேல் ஏறாதீர்கள்.

தலைக்குரலுக்குக் கம்பிரெஸர் (உரத்த இடங்களை அமுக்குவது) 3:1, அற்றாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்) 10 – 20 மில்லி செக்கன், குறைப்பு 3 – 6 டெசிபெல். அற்றாக்கை இன்னும் வேகமாக்கி ஆழமாக அமுக்கினால் கமகத்தின் ஏற்ற இறக்கமே தட்டையாகிவிடும். அதற்கு முன் ஃபேடர் ஓட்டோமேஷனால் சொல்லுக்குச் சொல் சமன் செய்துவிட்டால் கம்பிரெஸருக்கு வேலை குறையும். ரிவேர்பை ஒவ்வொரு டிராக்கிலும் போட்டிருப்பதுதான் கணினி திக்குவதற்கும் ஒரு காரணம். ஒரு குறும் ரிவேர்ப், ஒரு நீள் ரிவேர்ப், இரண்டையும் சென்ட் பஸ்ஸில் வைத்து எல்லாரும் அதற்கு அனுப்பட்டும். குரலின் நீள் ரிவேர்புக்கு 20 – 40 மில்லி செக்கன் பிரீடிலே (ரிவேர்ப் தொடங்கு முன் ஒரு சிறு இடைவெளி) கொடுத்தால் சொல் தெளியும். முடிந்த டிராக்குகளை ‘ஃபிரீஸ்’ செய்யுங்கள் (பிளகின் வேலையை ஒலியாகவே பதிந்து கணினியின் சுமையைக் குறைப்பது), பஃபரை 1024 ஆக்குங்கள். ஸ்பொட்டிஃபை பாட்டுகளைச் சுமார் –14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) சமன் செய்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் அங்கே இறக்கப்படும், இறுக்கியதால் வந்த தட்டை மட்டும் மிஞ்சும். உச்சத்தை –1 டெசிபெல் ட்ரூ பீக்கில் நிறுத்துங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் கொண்டென்ஸர் மைக் பொரிகிறது. பழுதாகிவிட்டதா?
*– வாசகர், முகத்துவாரம்*

அநேகமாக ஈரம்தான். கெப்ஸ்யூலின் மெல்லிய சவ்வுக்கும் பின்தட்டுக்கும் நடுவே ஈரம் படிந்து மின்னேற்றம் கசியும்போது ‘பட் பட்’ என்கிறது. கடற்காற்றின் உப்பு அதைக் கூட்டும். மைக்கைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் புது சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வையுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். ஹெயார் டிரையர் வேண்டாம், சவ்வு தாங்காது. இனிமேல் பதிவு முடிந்ததும் ஸ்டாண்டில் விடாதீர்கள். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மீற்றர் ஒன்று வைத்து 40 – 50 சதவீதத்தில் பேணுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிது போடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த மைக்கை உடனே இயக்க வேண்டாம், குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: எட்டு டிராக் ஒரு மணி நேரம் பதிய எவ்வளவு இடம் வேண்டும்?
*– வாசகி, பொரளை*

24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மொனோ டிராக் மணிக்கு 518 மெகாபைட், எட்டுக்கு ஏறத்தாழ 4.15 ஜிகாபைட். ஒவ்வொரு டிராக்கும் தனிக் கோப்பானால் சிக்கலில்லை. எட்டையும் ஒரே கோப்பில் எழுதும் ரெக்கோடர் என்றால், ஃபாட்32 (பழைய கோப்பு முறை) அட்டையில் ஒரு கோப்பு ஏறத்தாழ 4.29 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் சுமார் 62 நிமிடத்தில் நிரம்பிவிடும், அதற்குள் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள், அல்லது கருவி ஏற்குமானால் அட்டையை எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் செய்யுங்கள்.